பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை நம்பலாமா, அக்கா?

மின்பொருள் கேள்வி – பதில்

இந்த மாதக் கடிதங்களில் பெரும்பாலும் ஒரே கவலைதான்: விலை மலிவு, பெட்டியில் எண் பெரிது, வாங்கலாமா? பாயான் லெபாஸ் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது மேற்பார்வையாளர் முதலில் சொன்னது, பொருளோடு வந்த தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு அளவெடு என்பதுதான். வீட்டிலும் அது முடியும். ஐஸ் கட்டி, சமையலறைத் தராசு, வயர் சுற்றும் கறுப்பு டேப் இருந்தால் பாதி உண்மை வெளியே வந்துவிடும். பொருளைத் திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் செய்துவிட வேண்டும், அவ்வளவுதான். அதுவரை பெட்டியையும் ரசீதையும் தூக்கிப் போடாதீர்கள்.

கேள்வி: அக்கா, நான் ஏர்கோன் சர்வீஸ் செய்கிறேன். கைப்பேசியில் செருகி, சூட்டைப் படமாகக் காட்டும் தெர்மல் கேமரா வாங்க ஆசை. 320×240 என்று போட்ட ஒன்று 380 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). இன்னொன்று 256×192, ஆனால் 950 வெள்ளி. எண் பெரியது எப்படி மலிவாக இருக்கிறது? இதை வைத்துச் சுவருக்குள் தண்ணீர் கசிவதைக் கண்டுபிடிக்க முடியுமா?
– புக்கிட் மெர்தாஜாம் வாசகர்

பதில்: தம்பி, அந்த 320×240 எதனுடைய எண் என்று முதலில் விற்பவரிடம் கேளுங்கள். மலிவுக் கருவிகளில் அது பெரும்பாலும் படத்தைக் காட்டும் திரையின் அளவாக இருக்கும். உள்ளே வெப்பத்தை வாங்கும் சென்சார் 32×24 புள்ளிகள்தான் இருக்கும், சிலவற்றில் வெறும் 8×8. மிச்சத்தை மென்பொருள் இட்டு நிரப்பி வழவழவென்று காட்டிவிடும். ஐஆர் ரெசல்யூஷன் என்று தனியாகப் போட்டிருக்கும் எண்தான் கணக்கு. அது விளம்பரத்தில் இல்லை, கேட்டாலும் சொல்லவில்லை என்றால் அந்தப் பொருளை விட்டுவிடுங்கள்.

கையில் கிடைத்ததும் வீட்டில் ஒருவரை இரண்டு மீட்டர் தள்ளி நிற்கவைத்து, ஐந்து விரலையும் விரித்துக் காட்டச் சொல்லுங்கள். 256×192 சென்சாரும் 56 டிகிரி கோணம் பார்க்கும் லென்சும் இருந்தால், அந்தத் தூரத்தில் ஒரு புள்ளிக்கு ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் அகலம் கிடைக்கும். விரல்கள் தனித்தனியாகத் தெரியும். 32×24 என்றால் ஒரே புள்ளிக்குள் 6 சென்டிமீட்டருக்கு மேல் அடங்கிவிடும். கை முழுவதும் ஒரு மஞ்சள் திட்டாகத்தான் வரும். சென்சார் வாங்காத விரலை எந்த மென்பொருளாலும் உண்டாக்க முடியாது.

இதே கணக்குதான் உங்கள் வேலையிலும். ஓர் இடத்தின் சூட்டைச் சரியாகச் சொல்ல, அந்த இடம் குறைந்தது மூன்றுக்கு மூன்று புள்ளி அளவாவது படத்தில் இருக்கவேண்டும். டிபி பெட்டியில், அதாவது வீட்டு மின்சாரம் பிரியும் சுவிட்ச் பெட்டியில், ஒரு ஸ்க்ரூவின் தலை 6 மில்லிமீட்டர் என்றால், 256×192 கருவியை அரை மீட்டர் வரை பக்கத்தில் கொண்டுபோகவேண்டும். தள்ளி நின்று எடுத்தால் ஸ்க்ரூவின் சூடு பக்கத்துப் பிளாஸ்டிக்கோடு கலந்து குறைவாகக் காட்டும், நீங்களும் பரவாயில்லை என்று மூடிவிடுவீர்கள். ஏர்கோனையும் தண்ணீர் ஹீட்டரையும் அரை மணி நேரம் ஓடவிட்டு அப்புறம் பாருங்கள். மின்சாரம் ஓடாத இணைப்பு எவ்வளவு தளர்ந்திருந்தாலும் சூடாகாது. டிபி மூடியைத் திறப்பது எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேனின் வேலை. உங்களிடம் அந்தச் சான்றிதழ் இல்லை என்றால் அவரை அழைத்துக்கொண்டு போங்கள். இதில் மட்டும் குறுக்கு வழி தேடவேண்டாம், தம்பி.

அடுத்தது ஐஸ் சோதனை. அகன்ற கிண்ணத்தில் ஐஸை நன்றாக உடைத்துப் போட்டு, இடைவெளி நிறையும் மட்டும் தண்ணீர் ஊற்றிச் சில நிமிடம் கலக்குங்கள். அந்தக் கலவை 0 டிகிரி செல்சியஸ். கருவியைச் செருகியவுடன் அளக்காமல் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, மேலிருந்து நேராகப் பாருங்கள். இந்த விலையில் வரும் கருவிகளுக்குக் கூடக்குறைய 2 டிகிரி பிழை இருக்கலாம் என்று தயாரிப்பாளரே போட்டிருப்பார். 2 காட்டினால் சொன்னபடி இருக்கிறது. 6, 7 காட்டினால் அன்றைக்கே திருப்பி அனுப்புங்கள். நடுநடுவே டிக் என்று ஒரு சத்தம் வரும். உள்ளே சின்ன ஷட்டர் மூடித் திறக்கிறது, சென்சார் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. அது பழுது இல்லை.

ஏர்கோன் ஆட்கள் அதிகம் ஏமாறும் இடம் செம்புக் குழாய். பளபளப்பான உலோகம் தன் சூட்டை மிகக் குறைவாகத்தான் வெளியே விடும். எதிரில் இருப்பதன் சூட்டைக் கண்ணாடி மாதிரி திருப்பிக் காட்டும். குளிர்ந்த குழாயைப் பார்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டு உங்கள் முகத்தின் சூட்டைக் குறித்து வைப்பீர்கள். குழாயில் கறுப்பு டேப்பை ஒரு சுற்று இறுக்கமாக ஒட்டி, இரண்டு நிமிடம் விட்டு, டேப்பின் மேல் அளவெடுங்கள். மேற்பரப்பு தன் சூட்டை எவ்வளவு வெளியே விடுகிறது என்று கருவிக்குச் சொல்லும் எமிசிவிட்டி என்ற அமைப்பை 0.95-இல் வையுங்கள். காற்றையும் இந்தக் கருவி பார்க்காது. குளிர்காற்று வெளிவரும் வாயில் ஒரு துண்டுக் காகிதம், உள்ளே இழுக்கும் பக்கத்தில் ஒரு துண்டு என்று ஒட்டி, காகிதங்களை அளந்து பாருங்கள். இரண்டுக்கும் 8 முதல் 12 டிகிரி வித்தியாசம் இருந்தால் பொதுவாக யூனிட் ஒழுங்காக வேலை செய்கிறது.

சுவருக்குள் பார்க்குமா என்றால், பார்க்காது. கண்ணாடி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவரைக்கூட இது பார்க்காது. மேற்பரப்பின் சூடு மட்டும்தான். ஈரமான இடத்தில் தண்ணீர் ஆவியாகும்போது அந்த இடம் ஓரிரு டிகிரி குளிரும், அந்தத் திட்டு திரையில் கறுத்துத் தெரியும். நம் ஊர் மழை நாளில் காற்றே ஈரமாக இருப்பதால் ஆவியாவது குறைவு, திட்டும் மங்கிவிடும். அறையில் ஏர்கோனை டிரை மோடில் ஒரு மணி நேரம் போட்டுவிட்டுப் பார்த்தால் வித்தியாசம் கூடும். அடுத்த அறையில் ஏர்கோன் ஓடினாலும் சுவர் குளிர்ந்துதான் தெரியும். அதனால் சந்தேகமான இடத்தில் இரண்டு முள் வைத்த ஈரமானியால் குத்திப் பார்த்த பிறகே வாடிக்கையாளரிடம் சுவரை உடைப்பதைப் பற்றிப் பேசுங்கள். அவர் காசு போட்டுக் கட்டிய வீடு.

ஆக, 950 வெள்ளிக் கருவியை வாங்குங்கள். நொடிக்கு 25 படம் என்பதற்காக அதிகம் கொடுக்கத் தேவையில்லை; அசையாத பொருளை அளக்க 9 படமே போதும். உங்கள் கைப்பேசி ஓப்போ, விவோ, ரியல்மி என்றால் அமைப்புகளில் ஓடிஜி (வெளிக் கருவியை இணைக்கும் வசதி) என்று இருப்பதை முதலில் திறந்துவிடுங்கள். பல மாடல்களில் பத்து நிமிடம் சும்மா இருந்தால் அது தானாக அணைந்துவிடும். கருவிதான் கெட்டுவிட்டது என்று நினைத்துத் திருப்பி அனுப்பியவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள்.

கேள்வி: பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) 30,000 எம்ஏஎச் பவர்பேங்க் 35 வெள்ளிக்கு விற்கிறார்கள். கையில் எடுத்தால் லேசாக இருக்கிறது. நல்லதா?
– பட்டர்வொர்த் வாசகர்

பதில்: லேசாக இருப்பதே பதில், ஐயா. லித்தியம் பேட்டரியில் இவ்வளவு மின்சாரத்துக்கு இவ்வளவு எடை என்று இருக்கிறது. உள்ளே இருக்கும் உருளை செல் ஒன்று 45 கிராமுக்குக் குறையாது, அதில் 2,500 முதல் 3,500 எம்ஏஎச் வரைதான் அடங்கும். 30,000 என்றால் செல்கள் மட்டுமே 400 கிராமைத் தாண்டவேண்டும். தராசில் வையுங்கள். 200 கிராம் காட்டினால் பெட்டியில் போட்டிருப்பதில் பாதிகூட உள்ளே இல்லை. இன்னொன்று, நல்ல பவர்பேங்கிலும் சின்ன எழுத்தில் ரேட்டட் கெப்பாசிட்டி என்று குறைந்த எண் ஒன்று இருக்கும். 20,000 என்று பெரிதாகப் போட்டதில் 12,000, 13,000 இருந்தால் அது ஏமாற்று இல்லை. உள்ளே 3.7 வோல்ட்டில் இருப்பதை 5 வோல்ட்டுக்கு ஏற்றும்போது எண் குறையும், கொஞ்சம் சூடாகவும் போகும். அந்தச் சின்ன எழுத்தே இல்லாத பவர்பேங்கை வாங்காதீர்கள்.

கேள்வி: அம்மாவுக்கு இனிப்புநீர். தினமும் விரலில் குத்தப் பயப்படுகிறார். ஊசியே இல்லாமல் சர்க்கரை அளக்கும் கைக்கடிகாரம் 89 வெள்ளிக்கு ஆப்பில் வந்திருக்கிறது. நிறைய பேர் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருக்கிறார்கள். வாங்கித் தரலாமா, அக்கா?
– சுங்கைப்பட்டாணி வாசகி

பதில்: வேண்டாம், தங்கை. வாங்கிவிட்டீர்கள் என்றால் இன்றே கழற்றி வையுங்கள்.

பக்கத்து வீட்டு அம்மா இதே மாதிரி ஒன்றை என்னிடம் கொண்டுவந்து காட்டினார். சமையலறைத் துணியை இறுக்கமாகச் சுருட்டி, அந்தச் சுருட்டில் கடிகாரத்தைக் கட்டினேன். கொஞ்ச நேரத்தில் நாடித் துடிப்பு 74, சர்க்கரை 5.8 (லிட்டருக்கு மில்லிமோல் கணக்கில்) என்று காட்டியது. துணிக்கு. அவர் அதற்கு முந்தைய வாரம் முழுவதும் அந்த 5.8-ஐ நம்பிச் சாப்பிட்டிருக்கிறார். எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் தீரவில்லை.

கடிகாரத்தின் அடியில் மின்னும் பச்சை விளக்கு, தோலுக்கு அடியில் ரத்தம் ஏறி இறங்குவதைப் பார்க்கும். அதிலிருந்து நாடித் துடிப்பைக் கணக்கிடலாம். ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை அந்த விளக்கால் அளக்க முடியாது. தோலைத் துளைக்காமல் தானாகவே சர்க்கரையை அளக்கும் எந்தக் கைக்கடிகாரத்துக்கும் மோதிரத்துக்கும் தாங்கள் அனுமதி கொடுக்கவில்லை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் பொதுமக்களை எச்சரித்தது. பொய் எண்ணை நம்பி இன்சுலினைக் கூட்டிப் போட்டால் சர்க்கரை ஒரே இரவில் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். கையில் வில்லை மாதிரி ஒட்டும் சென்சார் வேறு. அதில் மெல்லிய இழை ஒன்று தோலுக்கு அடியில் போகிறது. அது உண்மையான கருவிதான், ஆனால் செலவு அதிகம். டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

மருந்தகத்தில் சாதாரண குளுக்கோமீட்டர் வாங்குங்கள். ஐஎஸ்ஓ 15197 என்று போட்டிருக்கிறதா பாருங்கள். நூறு அளவுகளில் 95 அளவாவது, ஆய்வுக்கூட முடிவிலிருந்து 15 விழுக்காட்டுக்குள் இருக்கவேண்டும் என்பது அந்தத் தரம். சர்க்கரை 5.55-க்குக் கீழே இருந்தால் 0.83-க்கு மேல் விலகக்கூடாது. மீட்டர் விலையைப் பார்த்து மயங்காமல் ரத்தம் வைக்கும் ஸ்ட்ரிப் ஐம்பது என்ன விலை என்று முதலில் கேளுங்கள், மாதா மாதம் போகப்போவது அந்தக் காசுதான். அம்மாவின் பயத்துக்கு ஒரு வழி: விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தச் சொல்லுங்கள், வலி குறையும். ஒவ்வொரு முறையும் விரலை மாற்றுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்த பிறகு குத்தவேண்டும். மாம்பழம் உரித்த கையோடு குத்தினால் பழத்தின் சர்க்கரையும் சேர்ந்து ஏறிவிடும்.

கேள்வி: மகள் கல்லூரிக்குப் போகிறாள். 700 வெள்ளிக்குள் கைப்பேசி வேண்டும். கொம்தார் பக்கம் ஒரு கடையில் 16 ஜிபி ரேம், 108 மெகாபிக்சல் என்கிறார்கள். ஏபி செட் என்றால் 120 வெள்ளி குறைவாம். எதை எடுப்பது?
– ஆயர் ஈத்தாம் வாசகர்

பதில்: ஐயா, பெட்டியின் பின்பக்கம் பாருங்கள், 8+8 என்று இருக்கும். முதல் 8 தான் ரேம். இரண்டாவது 8, படங்களும் கோப்புகளும் இருக்கும் இடத்திலிருந்து கடன் வாங்கியது. வேகத்தில் அது ரேமுக்குப் பக்கத்திலேயே வராது. 108 மெகாபிக்சலும் அப்படித்தான். ஒன்பது புள்ளியை ஒன்றாகச் சேர்த்து 12 மெகாபிக்சல் படமாகத்தான் சாதாரணமாகக் கொடுக்கும். அதற்காகக் கேமரா மோசம் என்று சொல்லவில்லை. கடையின் பளிச்சென்ற விளக்குக்கு அடியில் எடுத்துப் பார்க்காமல், வாசல் நிழலுக்கு வந்து நடந்துபோகிற ஒருவரை எடுத்து, தலைமுடியைப் பெரிதாக்கிப் பாருங்கள். முடி முடியாகத் தெரிந்தால் போதும்.

விற்பவர் சொல்லாத ஒன்றை நீங்கள் கேட்கவேண்டும்: சேமிப்பு யுஎஃப்எஸ் வகையா, இஎம்எம்சி வகையா? இஎம்எம்சி என்றால் ஒரு வருடத்தில் ஆப் திறக்கவே காத்திருக்க வேண்டிவரும். இந்த விலையிலேயே யுஎஃப்எஸ் 2.2 கிடைக்கிறது. அப்புறம் பாதுகாப்பு அப்டேட் எத்தனை ஆண்டு என்று கேளுங்கள். எஸ்எம்எஸ் ரகசிய எண்ணை விட்டு விலகும்படி நம் மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2022-இல் வங்கிகளைக் கேட்டுக்கொண்ட பிறகு, கைப்பேசிதான் வங்கிக் கணக்கின் சாவி. அப்டேட் நின்றுபோன கைப்பேசியில் மகளின் கல்விக் கடன் பணம் வந்து இறங்கக்கூடாது. சாம்சுங் ஏ16 5ஜிக்கு ஆறு ஆண்டு என்று அறிவித்தார்கள். இந்த விலை வட்டாரத்தில் அதை ஓர் அளவுகோலாக வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கேளுங்கள்.

ஏபி செட் விஷயம்தான் எனக்கு முக்கியம். வேறு நாட்டுக்காகத் தயாரித்ததை இறக்கி விற்கிறார்கள், உத்தரவாதம் கடைக்காரருடையது. கடை மூடினால் உத்தரவாதமும் மூடும். அதைவிடப் பெரிய சிக்கல் அழைப்பு. நம் நாட்டில் 3ஜியை 2021 கடைசியில் நிறுத்திவிட்டார்கள். இப்போது தெளிவான அழைப்பு வேண்டுமென்றால் 4ஜி வழியாகவே போகவேண்டும், அதற்கு வோல்ட்டி என்ற வசதியை அந்தக் கைப்பேசி உங்கள் சிம் நிறுவனத்தோடு ஒத்துப்போய்த் திறக்கவேண்டும். சில ஏபி செட்டுகளில் அது திறக்காது, அழைப்பு 2ஜிக்கு இறங்கிவிடும். காசு கொடுப்பதற்கு முன் உங்கள் சிம்மைப் போட்டு வீட்டுக்கு ஓர் அழைப்பு போடுங்கள். பேசும்போதும் மேலே 4ஜி அப்படியே இருந்தால் சரி. ஈ என்றோ 2ஜி என்றோ மாறினால் அந்த 120 வெள்ளியை மறந்துவிட்டு மலேசியா செட் எடுங்கள். *#06# அழுத்தி வரும் எண்ணும் பெட்டியில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்றும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: வீட்டிலிருந்து வாடிக்கையாளர் சேவை வேலை செய்கிறேன். 79 வெள்ளி ப்ளூடூத் இயர்பட், ஏஎன்சி, ஈஎன்சி இரண்டும் போட்டிருக்கிறது. பாட்டு அருமை. ஆனால் அழைப்பில் என் குரல் தெளிவில்லை என்று புகார். இப்போது இடது காதில் சத்தமும் குறைந்துவிட்டது.
– ஜெலுத்தோங் வாசகி

பதில்: இரண்டுமே வெளிச் சத்தத்தை அடக்கும் வசதிகள்: ஏஎன்சி உங்கள் காதுக்கு, ஈஎன்சி எதிரில் இருப்பவரின் காதுக்கு. மலிவு இயர்பட்டில் ஈஎன்சி உங்கள் வீட்டுக் காற்றாடிச் சத்தத்தை வெட்டும்போது குரலையும் சேர்த்து வெட்டிவிடும். அதோடு, ப்ளூடூத்தில் மைக்கைத் திறந்த உடனே ஒலி வேறு வழிக்கு மாறும். பாட்டுக்கு இருக்கும் அகலம் அழைப்பில் கிடையாது. எல்டிஏசி, 990 கேபிபிஎஸ் என்று போட்டிருப்பதெல்லாம் பாட்டுக்கு மட்டும், அதுவும் ஐபோனில் வேலை செய்யாது.

நாள் முழுக்கப் பேசுகிற வேலைக்கு மைக் வைத்த வயர் இயர்போன் வாங்குங்கள், தங்கை. 30, 40 வெள்ளியிலேயே குரல் துல்லியமாகப் போகும், சார்ஜும் வேண்டாம். கைப்பேசியில் வட்டத் துளை இல்லை என்றால் டைப்-சி அடாப்டர் வேண்டும். டிஏசி (எண்களை ஒலியாக மாற்றும் சில்லு) உள்ள அடாப்டர் என்று கேட்டு வாங்குங்கள். அந்தச் சில்லு இல்லாத மலிவு அடாப்டர் பல கைப்பேசிகளில் சத்தமே தராது. உள்ளே ஒலியெழுப்பும் டிரைவர் எத்தனை என்று எண்ணிப் பார்த்து வாங்க வேண்டாம், ஒன்று ஒழுங்காக இருந்தால் போதும். காதில் அடைக்கும் ரப்பர் முனையின் அளவுதான் பேஸ் வருமா வராதா என்பதைத் தீர்மானிக்கும். கூட வரும் மூன்று அளவையும் போட்டுப் பாருங்கள், இரண்டு காதுக்கும் வேறு வேறு அளவு பொருந்தினாலும் தப்பில்லை.

இடது பக்கத்துக்கு: ரப்பரைக் கழற்றி, வலைக் கம்பி கீழே பார்க்கிற மாதிரி பிடித்துக்கொண்டு, காய்ந்த மெல்லிய டூத்பிரஷால் தட்டுங்கள். பெரும்பாலும் காது அழுக்குதான். தண்ணீர் வேண்டாம், ஊசி வேண்டவே வேண்டாம். அப்படியும் வரவில்லை என்றால் கைப்பேசி அமைப்பில் அணுகல் வசதி என்ற பகுதிக்குப் போய், இடது வலது சமன் நடுவில் இருக்கிறதா பாருங்கள். விரல் பட்டு நகர்ந்திருக்கும். சத்தத்தை மட்டும் ஏற்றிவிடாதீர்கள். வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கிறவருக்கு 80 டெசிபல் வரைதான் பாதுகாப்பு என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. உங்கள் வேலை நேரமே அந்த 40 மணிதான்.

கேள்வி: ஆப்பில் வாங்கிய பொருள் விளம்பரத்தில் சொன்னபடி இல்லை. விற்பவர் பதில் சொல்ல மறுக்கிறார். எங்கே போவது?
– நிபோங் தெபால் வாசகர்

பதில்: முதலில் ஆப்பிலேயே கெடுவுக்குள் புகார் போடுங்கள். ஐஸ் கிண்ணத்தோடு கருவியின் திரை, தராசின் மேல் பவர்பேங்க் என்று சோதனையைக் காணொளியாக எடுத்துச் சேர்த்தால் வாதாடவே தேவையிருக்காது. விளம்பரப் பக்கத்தையும் அன்றைக்கே படமெடுத்து வைத்துவிடுங்கள், புகார் போனதும் எழுத்தை மாற்றிவிடுகிறார்கள். விற்பவர் வெளிநாட்டில் இருந்தால் ஆப் வழிதான் பயன் தரும். மலேசியாவில் இருக்கிறவர் என்றால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 வெள்ளி வரை கோரலாம், பதிவுக் கட்டணம் 5 வெள்ளி, பிரச்சினை நடந்து மூன்று ஆண்டுக்குள் போடவேண்டும். வக்கீல் வைக்கத் தேவையில்லை, எதிர்த்தரப்பும் வக்கீலோடு வரமுடியாது. படிவத்தை எப்படி நிரப்புவது என்று தெரியவில்லை என்றால் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தில் தமிழிலேயே கேட்கலாம். ரசீது, விளம்பரப் படம், நீங்கள் அனுப்பிய செய்திகள் மூன்றையும் அச்செடுத்துத் தேதி வரிசையில் அடுக்கிக்கொண்டு போங்கள்.